கர்ப்பத்தடை: பெரியார் பேசியதும் நாம் பேசத் தயங்குவதும்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தன் கணவர் அறுவை செய்துகொண்டதாகச் சொன்ன பெண்கள் 1,000க்கு ஒருவர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது. ஆணுறை பயன்படுத்துவோர் இந்திய அளவில் 100க்கு 9 அல்லது 10 பேர். தமிழ்நாட்டில் அதைவிட மிகக் குறைவு.

ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலம் என்று நாம் பெருமை பேசுகிறோம். பேசலாம். பெண் கல்வியும், ஊர்தோறும் வந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும், திராவிட இயக்கத்தின் பரப்புரையும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அந்தச் சாதனைக்கான கத்தி ஏறக்குறைய முழுவதும் பெண்ணின் அடிவயிற்றில்தான் விழுந்திருக்கிறது. கல்யாணம், உடனே ஒரு பிள்ளை, அடுத்து இன்னொரு பிள்ளை, இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் என்பதுதான் இங்கே பெரும்பாலான பெண்களின் கருத்தடை வரலாறு. முதல் உறவுக்கும் கடைசி அறுவைக்கும் இடைப்பட்ட காலத்தில் அவள் கையில் எதுவும் இல்லை. திருமணம் ஆகாத பெண்ணோ மேலே சொன்ன 100 பேரில்கூடச் சேரமாட்டாள்.

நான் சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள். பத்தாண்டுகளுக்கும் மேலாக மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளின் பெண்கள் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் வாழ்ந்து வருகிறேன். என்னோடு அறையைப் பகிர்ந்தவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். கோட்பாடு படித்தவர்கள், போராட்டத்துக்குப் போகிறவர்கள், சாதி மறுத்துக் காதலிக்கிறவர்கள். ஆனாலும் மாதத்தில் எந்த நாளில் கரு உருவாகும், ஆணுறை கிழிந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இல்லை. அந்த அறிவு நம்மிடம் வந்து சேராமல் தடுக்கப்பட்டிருக்கிறது. தடுத்த கைகளில் சாதிக்கு இருக்கும் பங்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த நகரத்தின் பழைய வழக்கு

கருத்தடை என்பது நேற்று மேற்கிலிருந்து இறங்கிய பழக்கம் என்று சொல்பவர்கள் சென்னையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1882ஆம் ஆண்டிலேயே முத்தையா நாயுடு என்பவர் சென்னையில் 'இந்து மால்தூசியன் சங்கம்' தொடங்கினார். அதே காலத்தில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழில் கடவுள் மறுப்பையும் சாதி எதிர்ப்பையும் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் வீ. அரசு தொகுத்து வெளியிட்டதால் இன்று அவ்விதழ் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

அந்தச் சுதந்திரச் சிந்தனையாளர்கள் இலண்டனில் யாரைப் பார்த்துக் கற்றார்களோ, அவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். 1877இல் கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை மறுபதிப்புச் செய்ததற்காக சார்லஸ் பிராட்லாவோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் நின்றவர். அந்தப் பெயரைச் சொல்லியே அவருடைய மகளை அவரிடமிருந்து பிரித்தது நீதிமன்றம். அவ்வளவு விலை கொடுத்தவர், பிரம்மஞான சபையில் சேர்ந்த பிறகு 1891இல், தானே எழுதிய கருத்தடை நூலைத் திரும்பப் பெற்றார். பிறகு இந்தியா வந்து, 1907இல் சபையின் தலைவராகி, அடையாற்றில் அமர்ந்தார். கருத்தடையைக் கைவிட்டு ஆன்மிகத்தோடு வந்த பெசன்டின் பெயரைத்தான் இன்று பெசன்ட் நகர் சுமக்கிறது. அந்தக் கடற்கரையில் மாலையில் ஒதுங்கி உட்காரும் இணையரைப் போலீசார் எழுப்பி விரட்டும்போதெல்லாம் எனக்கு 1877ஆம் ஆண்டின் பெசன்ட் நினைவுக்கு வருவார்.

1920களின் இறுதியில் சென்னையில் மீண்டும் கருத்தடைப் பேச்சு எழுந்தது. ஆனால் இந்த முறை இரண்டு குரல்களில் எழுந்தது. ஒன்று, நீதிபதி வேப்பா ராமேசம் போன்றவர்கள் நடத்திய 'சென்னை நவ மால்தூசியன் சங்கம்'. வழக்கறிஞர்கள், நீதிபதிகள், அதிகாரிகள் என்று பெரும்பாலும் பார்ப்பன ஆண்கள் கூடிய சங்கம். நாட்டின் வறுமைக்குக் காரணம் மக்கள் பெருக்கம், இனத்தின் தரத்தைக் காக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. வயலையும் செல்வத்தையும் யார் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு, ஏழைகள் எத்தனை பிள்ளை பெறுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மற்றொன்று சுயமரியாதை இயக்கத்தின் குரல். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கென்றே ஒரு கட்டுரை உண்டு. 'குடிஅரசு' இதழில் 1930இல் எழுதியது. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பத்தின் பொருளாதாரத்துக்காக, நாட்டு நலனுக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் அதில் கோடு கிழித்துக் காட்டுகிறார். பிள்ளை பெறுவதே பெண்ணை ஆணுக்கும் குடும்பத்துக்கும் சொத்துக்கும் கட்டிப்போடும் கயிறு என்றால் அந்தக் கயிற்றை அறுக்கும் கருவி அவள் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1930களில் 'கர்ப்ப ஆட்சி' என்று ஒரு நூலே குடிஅரசு பதிப்பகத்திலிருந்து வந்தது. தலைப்பைக் கவனியுங்கள். கர்ப்பத்தின் மீது ஆட்சி. யாருடைய ஆட்சி என்பதுதான் கேள்வி.

பம்பாயில் அம்பேத்கரும் இதே பக்கத்தில்தான் நின்றார். பாலியல் கல்விக்காகவும் கருத்தடைக்காகவும் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி இதழ் நடத்திய ஆர்.டி. கார்வே மீது ஆபாச வழக்குப் போட்டபோது, 1934இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அம்பேத்கர். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் பி.ஜே. ரோகம், கர்ப்பத்தடை வசதிகளை அரசு செய்து தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான உரை அம்பேத்கருடையது. பிரசவ வலியை ஆண்கள் அனுபவிக்க நேர்ந்தால் ஒரு பிள்ளைக்கு மேல் பெறச் சம்மதிக்க மாட்டார்கள் என்ற பொருளில் அதில் ஒரு வாதம் வரும். தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1935 டிசம்பரில், வார்தாவுக்கு வந்து சந்தித்த மார்கரெட் சாங்கரிடம் காந்தி கருத்தடைக் கருவிகளை ஏற்க மறுத்து, புலனடக்கத்தையே வழியாகச் சொல்லியிருந்தார்.

அரசு எந்தக் குரலைக் கேட்டது

விடுதலைக்குப் பின் வந்த அரசுகள் கருத்தடையை ஏற்றுக்கொண்டன. ஆனால் பெரியாரின் காரணத்தை ஏற்கவில்லை. ராமேசத்தின் காரணத்தை ஏற்றன. 1950களின் இறுதியிலேயே சென்னை மாநில அரசு அறுவை செய்துகொள்பவருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1968இல் 'நிரோத்' வந்தது. டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் வண்டிகளில் ஏறி அது பெட்டிக்கடை வரை போனது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஒரே ஆண்டில், நாடு முழுதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு. வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள் அதிகம். ஆண்கள் கோபம் கொண்டார்கள், ஆட்சி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆணின் மீது கத்தி வைக்கத் துணியவில்லை. கத்தியைப் பெண் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பெண்ணின் கோபத்துக்கு ஆட்சி கவிழாது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதில் ஆணுறைக்கு நேர்ந்தது தனிக் கதை. பல்லாவரத்தில் டிடிகே குழுமத்தின் ஆலை பல பத்தாண்டுகளாக ஆணுறை தயாரித்த ஊர் இது. ஆனால் ஆணுறை என்ற சொல் சென்னைத் தெருக்களில் உரக்கக் கேட்டது எச்.ஐ.வி. வந்த பிறகுதான். 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது சென்னையில். அரசு இல்லத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் எடுத்த இரத்தத்தில். 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் தட்டி வைத்தார்கள். அந்தப் பரப்புரைகள் உயிர்களைக் காத்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு ஒரு பாடமும் சேர்ந்து இறங்கியது: ஆணுறை என்பது 'அந்த மாதிரி இடத்துக்கு'ப் போகிறவனுக்கு. வீட்டில் இருக்கும் மனைவியிடமோ நேசிக்கும் பெண்ணிடமோ அதைப் பயன்படுத்தினால் அவமானம், சந்தேகம். "என்னை நம்பலையா?" என்று இன்றைக்கும் ஓர் ஆண் கேட்பதன் வேர் அங்கே இருக்கிறது. நோயைத் தடுக்கும் ஆணுறையைப் பற்றி நகரம் பேசியது. கருவைத் தடுக்கும் ஆணுறையைப் பற்றிப் பேசவில்லை.

2005இல் நாம் எங்கே நின்றோம்

பேசிய ஒரு பெண்ணுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2005 செப்டம்பரில் ஓர் ஆங்கில வார இதழில் நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் பால்வினை நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும், படித்த ஆண் மணப்பெண்ணிடம் கன்னித்தன்மையை எதிர்பார்க்கக் கூடாது என்றும் கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் வீதிக்கு வந்தன. 20க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தவர் மீது முட்டையும் தக்காளியும் வீசப்பட்டன. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குகளையும் தள்ளுபடி செய்யும் வரை ஐந்தாண்டுகள் அவர் அலைந்தார்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் சங்கராச்சாரியின் சீடர்கள் அல்லர். பாட்டாளி மக்கள் கட்சியினரும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினரும். தமிழ்ப் பண்பாட்டைக் காக்கிறோம், தமிழ்ப் பெண்ணின் கற்பைக் காக்கிறோம் என்றார்கள். பெரியாரின் படத்தை மேடையில் வைத்துக்கொண்டே கற்புக்காகக் கொடி பிடித்தார்கள். தோழர்களைப் புண்படுத்த இதை எழுதவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று பார்க்கவே எழுதுகிறேன்.

ஏழே ஆண்டுகளில் அந்தக் கற்பு அரசியல் திரும்பி வந்தது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இளவரசனும் திவ்யாவும் மணம் செய்துகொண்டதற்காக. 'நாடகக் காதல்' என்றார் மருத்துவர் ராமதாசு. ஜீன்சும் கூலிங் கிளாசும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 2005இல் 'தமிழ்ப் பெண்' என்று சொல்லப்பட்டவள் 2012இல் 'எங்கள் சாதிப் பெண்' ஆனாள். கற்பு என்ற சொல்லின் உண்மையான பொருள் அன்று வெளியே தெரிந்தது. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார்.

அம்பேத்கர் 1916இலேயே இதை விளக்கிவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, அகமணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் பெண்ணைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று காட்டினார். உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் அதற்கான கருவிகள். இன்று உடன்கட்டை இல்லை. ஆனால் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றித் தெரியக்கூடாது, தெரிந்தாலும் மருந்து கிடைக்கக்கூடாது, கிடைத்தாலும் அச்சத்தோடு வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. கர்ப்ப பயத்தில் வாழும் பெண்ணைக் காவல் காக்க வேறு ஆள் தேவையில்லை.

மருந்துக் கடையில் நடப்பது

இப்போது மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் வருவோம். அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று இந்திய அரசு 2005இல் அனுமதித்தது. அரசின் சொந்தக் குடும்பநலத் திட்டத்திலும் அந்த மாத்திரை இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்து ஆணை எதுவும் இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே ஊடகங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் அது கிடைப்பதில்லை. தடை எழுத்தில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. எழுத்தில் இருந்தால் எதிர்த்து வழக்குப் போடலாம்.

என் அறைத்தோழி ஒருத்திக்கு இரண்டாண்டுகளுக்கு முன் ஆணுறை கிழிந்துவிட்டது. காலையிலிருந்து மாலை வரை ஐந்தாறு கடைகளில் கேட்டோம். "அதெல்லாம் வர்றதில்லம்மா" என்றார் ஒருவர். "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார் இன்னொருவர். ஒருவர் அவள் கழுத்தைப் பார்த்தார், தாலி இருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் பேசவே தொடங்கினார். கடைசியில் பெங்களூருவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நண்பர் வாங்கிவந்து கொடுத்தார். ஒரு முதுகலைப் பட்டதாரிக்கு, கையில் பணமும் தோழமையும் இருந்தவளுக்கு, இந்த நிலை. பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடைகளில் பகல் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்த்து, கடைக்காரர் கொடுக்கும் விடுதியிலேயே தங்கும் தென்மாவட்டத்துப் பெண் எங்கே போவாள்?

கருக்கலைப்பு மாத்திரைகளின் கதி இன்னும் மோசம். எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா அமைப்பு 2020இல் ஆறு மாநிலங்களில் நடத்திய ஆய்வில், தமிழ்நாட்டில் அவற்றை வைத்திருந்த கடைகள் 100க்கு 2 மட்டுமே. ஆணுறை எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, நாளிதழில் சுற்றி, கருப்புக் கவரில் போட்டு. பெண் போய்க் கேட்டால் கடையில் நிற்கும் நால்வரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2017 டிசம்பரில் ஒன்றிய அரசு, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொலைக்காட்சியில் ஆணுறை விளம்பரம் கூடாது என்று அறிவுறுத்தியது. ஆணின் வீரத்தை விற்கும் சிட்டுக்குருவி லேகிய விளம்பரங்களை இத்தனை ஆண்டுகளாகச் சுவரெங்கும் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம்.

இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரேபோல விழுவதில்லை. வசதியுள்ள ஆதிக்கசாதி வீட்டுப் பெண்ணும் கண்காணிப்பில்தான் வாழ்கிறாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த மருத்துவர் இருக்கிறார், தனியார் மருத்துவமனைக்குக் கட்ட ஆயிரங்கள் இருக்கின்றன. உதவித்தொகை எப்போது வரும் என்று காத்திருக்கும் தலித் ஆய்வு மாணவிக்கு நாள் தள்ளிப்போனால் படிப்பு போகும், விடுதி போகும். காதலன் வேறு சாதி என்றால் உயிரே போகலாம். வயிற்றில் பிள்ளை வந்துவிட்டால் வீட்டில் மனம் இளகி ஏற்றுக்கொள்வார்கள் என்பது சினிமாக் கதை. சாதி மறுத்துக் காதலிப்பவர்கள் எப்போது மணப்பது, எப்போது ஊரைவிட்டு வெளியேறுவது, எப்போது பிள்ளை பெறுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். எதிர்பாராத கர்ப்பம் அந்தத் தீர்மானத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிச் சாதியின் கையில் கொடுக்கிறது.

தெரிந்திருக்க வேண்டியவை

இயக்கத் தளத்தில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, 'கர்ப்ப ஆட்சி'யை வெளியிட்டதும் இயக்கம்தான் என்பதே பதில்.

பெண்ணின் சினைமுட்டை வெளிவந்தபின் 12 முதல் 24 மணி நேரம் உயிரோடு இருக்கும். ஆனால் விந்தணு பெண்ணுடலில் 5 நாள் வரை உயிர்வாழும். ஆகவே ஒரு மாதச் சுழற்சியில் ஏறக்குறைய 6 நாட்கள் கரு உருவாகும் வாய்ப்புள்ளவை. அந்த 6 நாட்கள் எவை என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. தேர்வு, தூக்கமின்மை, காய்ச்சல், மன அழுத்தம் எதுவும் முட்டை வெளிவரும் நாளைத் தள்ளிப்போடலாம். 'சேஃப் டேஸ்' என்று விரல்விட்டு எண்ணுவது அதனால்தான் பலருக்குப் பொய்க்கிறது.

"வெளியே எடுத்துடுறேன்" என்பதை மட்டும் நம்பியிருக்கும் 100 இணையரில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 20 பேருக்குக் கரு உண்டாகிறது. ஆணுறையைச் சரியாக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் அது 2 ஆகக் குறைகிறது. நடைமுறையில் மனிதர்கள் பயன்படுத்துகிறபடி பயன்படுத்தினால் 13. இவை அமெரிக்க ஆய்வுகளின் கணக்கு. 2க்கும் 13க்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் ரப்பரின் குறையால் வருவதில்லை, பழக்கத்தால் வருகிறது. பாதியில் மாட்டுவது, ஒருமுறை விட்டுவிடுவது, மணிபர்சில் வைத்துச் சூட்டில் கெடவிடுவது, காலாவதித் தேதி பார்க்காதது, தேங்காய் எண்ணெய் தடவி ரப்பரை இற்றுப்போகச் செய்வது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுவது, முடிந்ததும் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளாமல் வெளியே எடுப்பது. அத்தனையும் கற்றுக்கொண்டால் தவிர்க்கக் கூடியவை.

ஆணுறை கிழிந்தால் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் மருந்து. ஏற்கெனவே உருவான கர்ப்பத்தைக் கலைக்காது, பின்னாளில் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காது. 5 நாட்களுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வது அதைவிட உறுதியான வழி. உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்யும் சிறுநீர்ச் சோதனையின் முடிவை நம்பலாம்.

அதையும் மீறிக் கரு தரித்தால் சட்டம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில், கருத்தடை பொய்த்துப்போவது முன்பு 'திருமணமான பெண்ணும் அவள் கணவரும்' என்ற சொற்களோடுதான் காரணமாக ஏற்கப்பட்டது. 2021இல் அது 'எந்தப் பெண்ணும் அவள் இணையரும்' என்று திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான உரிமையும் திருமணமாகாத பெண்ணுக்கு மறுக்கப்படக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கணவன், தந்தை, காதலன் எவருடைய கையெழுத்தும் தேவையில்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் இயக்கங்களுக்கும்

"காண்டம் போட்டா ஃபீலே இல்ல" என்று சொல்பவர் முற்போக்காளராக இருக்கலாம், பறை அடிப்பவராக இருக்கலாம், சாதி ஒழிப்பு மாநாட்டில் தீர்மானம் வாசிப்பவராக இருக்கலாம். அவர் தன் சில நிமிட இன்பத்தை ஒரு பெண்ணின் பட்டம், உடல், உயிர் ஆகியவற்றுக்கு மேலே வைக்கிறார். ஆணுறை வாங்குவது பெண்ணின் பொறுப்பு அன்று. கிழிந்த பிறகு கடைக்கு ஓட வேண்டியதும், மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டியதும் அவள் மட்டும் அல்லள். பிள்ளை போதும் என்று முடிவெடுத்த இணையரில், ஊசியோடு சில நிமிடங்களில் முடியும் ஆண் அறுவையை ஆணே செய்துகொள்ளலாம். ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கை மாற்ற, முதலில் இயக்க வீடுகளிலிருந்து ஆட்கள் வரட்டும்.

இயக்கங்களிடம் நான் கேட்பது நான்கு. ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் உடலும் கருத்தடையும் பற்றி ஒரு வகுப்பு, ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காரும் வகுப்பாக, வேண்டும். சாதி மறுப்பு மணம் செய்வோருக்குப் பாதுகாப்பு தேடித் தரும் தோழர்கள், வழக்கறிஞர் எண்ணோடு நம்பிக்கையான மருத்துவர் எண்ணையும் வைத்திருக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்க, அதை விற்கத் தடை இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளுக்கு எழுத்து மூலம் சுற்றறிக்கை அனுப்பக் கோரி நாம் மனுக் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் ஆணுறைப் பெட்டி யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்க வேண்டும்.

சமத்துவபுரத்துக்கும் ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்துக்கும் குரல் கொடுக்கும் நமக்கு இவை சிறிய கோரிக்கைகளாகத் தோன்றலாம். ஆணவக்கொலைக்குக் கத்தி எடுப்பவன் காவல் காப்பது பெண்ணின் கருப்பையைத்தான். அதன் மீதான ஆட்சி அவளிடம் வர வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் கேட்டு ஏறத்தாழ நூறாண்டு ஆகப் போகிறது. மயிலாப்பூரில் ஒரு பெண் மருந்துக் கடையில் நிமிர்ந்து நின்று கேட்டு வாங்கிச் செல்லும் நாள் வரை அந்தக் கோரிக்கை நம்முடையதுதான்.